படகு எவ்வளவு தாங்கும், எஞ்சின் எவ்வளவு வேண்டும்?

கோவளத்திலோ கானத்தூர் ரெட்டிகுப்பத்திலோ புதுப் படகு ஒன்று லாரியில் வந்து மணலில் இறங்கினால், சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன எச்.பி. போடப் போற?" என்பதாகத்தான் இருக்கும். எட்டா, பத்தா, அவுட்போர்டா, லாங் டெயிலா என்று பேச்சு நீளும். படகு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பவர் அபூர்வம். எஞ்சினின் சக்தி அதன் தகட்டிலேயே இருக்கிறது. படகின் தாங்குதிறன் படகில் எங்கும் இல்லை. அது கட்டியவரின் அனுபவத்திலும் ஓட்டுபவரின் கைப்பழக்கத்திலும் மட்டுமே இருக்கிறது.

இரண்டும் தனித்தனிக் கேள்விகளும் அல்ல. எடை தெரியாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க முடியாது. எஞ்சினே ஒரு எடை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு எடைக் கணக்கையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கொட்டிவாக்கம் தொடங்கி நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், நைனார்குப்பம் வழியாகக் கோவளம் வரை உள்ள தென்சென்னைக் கரையில் சிறு படகுக்கு ஒதுங்க வசதியான துறைமுகம் கிடையாது. அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும், திரும்பும்போது அதே அலை மீது ஏறி மணலுக்கு வர வேண்டும். எடை கூடினால் தள்ள ஆள் கூட வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் வேண்டும். நூற்றாண்டுகளாகக் கட்டுமரம் இங்கே நிலைத்ததற்குக் காரணம் இந்த அலைதான். கட்டுமரத்துக்கு உள்ளே நிரம்பித் தேங்க இடமில்லை. மேலே ஏறிய தண்ணீர் மர இடுக்கு வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஆளும் மிதப்பார்.

1979-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையை மையமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முக்கிய வேலைகளில் ஒன்று இந்தக் கரைக்கேற்ற படகைக் கண்டுபிடிப்பது. அலையில் இறங்கி ஏறக்கூடிய, எஞ்சின் பொருத்தக்கூடிய, கட்டுமரத்தைவிட அதிகச் சுமை தாங்கும் படகு. கிழக்குக் கரையில் பல வடிவங்களைக் கட்டிச் சோதித்தார்கள். அந்தத் திட்டத்தில் பணியாற்றியவர்களில் ஒருவர் நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சென். சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் இந்தத் திட்டத்துக்காகவும், 2012-ல் ரோமிலுள்ள தலைமை நிறுவனத்துக்காகவும் அவர் எழுதிய கையேடுகள் இன்றும் எச்.பி. கணக்குக்கு நம்பத்தக்க வழிகாட்டிகள். அவற்றின் சாரம் எளியது: படகின் நீளமும் எடையும் சொல்லும் வேகத்துக்கு மேல் போக ஆசைப்படாதே.

பிறகு வந்தது பைபர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வாரி வழங்கியதில் கிழக்குக் கரை முழுவதும் பைபர் படகு பெருகியது. தேவை ஒரே நாளில் வீங்கியதால், அச்சு ஒன்றை வைத்துக்கொண்டு புதிதாகப் படகு வார்க்கக் கிளம்பியவர்களும் பெருகினார்கள். அவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன என்று அப்போதே மீன்வள அமைப்புகள் எச்சரித்தன. கண்ணாடி இழை எத்தனை அடுக்கு, பிசின் எவ்வளவு, மிதவை நுரை போட்டிருக்கிறதா என்பதெல்லாம் படகுக்குப் படகு மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலமும் வெள்ளையும்தான்.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு 30 அடி நீளம், 6 அடி அகலமுள்ள ஒரு பைபர் படகை வைத்துக்கொள்வோம். தண்ணீரைத் தொடும் மட்டத்தில் அதன் நீளம் 8 மீட்டர், அகலம் 1.6 மீட்டர். இரு முனையும் கூம்பியிருப்பதால் அந்த மட்டத்தின் பரப்பு, நீளத்தை அகலத்தால் பெருக்கியதில் ஏறத்தாழ 70 சதவீதம், அதாவது சுமார் 9 சதுர மீட்டர். கடல்நீர் ஒரு கன மீட்டர் 1,025 கிலோ. ஆக, இந்தப் படகில் ஒவ்வொரு 92 கிலோ ஏற்றும்போதும் அது 1 சென்டிமீட்டர் இறங்கும்.

இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. வெறும் படகு 700 கிலோ, எஞ்சினும் டீசலும் 100, நாலு பேர் 280, நனைந்த வலை 250, மீனும் ஐஸும் 200 என்று வைத்தால், கரை திரும்பும்போது மொத்தம் 1,530 கிலோ. எஞ்சினோடு காலியாக நின்றபோது இருந்ததைவிட 8 சென்டிமீட்டர்தான் கூடுதலாக இறங்கியிருக்கும். காலியாக இருக்கையில் விளிம்பு தண்ணீருக்கு மேல் 60 சென்டிமீட்டர் நின்றது என்றால் இப்போது 52. நல்ல படகு. இதைப் பார்த்துத்தான் பலர் "இன்னும் எவ்வளவோ ஏத்தலாம்" என்கிறார்கள்.

ஏற்றலாம்தான். ஆனால் படகு நேராக அமிழ்ந்து மூழ்குவதைவிடப் பக்கவாட்டில் கவிழ்வதே அடிக்கடி நடக்கிறது. அந்தக் கணக்கு வேறு.

கவிழும் இந்தக் கணக்கு கடலோரத்தாருக்கு மட்டுமல்ல, தாம்பரம்வாசிகளுக்கும் சொந்தமானதே. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை நீரில் நின்றபோது, கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் புறநகர்த் தெருக்களில் படகு ஓடியது. வீட்டுச் சுவர்களுக்கும் மின்கம்பங்களுக்கும் நடுவே, எங்கே கார் மூழ்கிக் கிடக்கிறது என்று தெரியாத தெருத் தண்ணீரில் எஞ்சினின் விசிறியைச் சுழற்ற முடியாது. கழி ஊன்றியோ கயிறு கட்டியோதான் இழுக்க வேண்டும். எச்.பி. அங்கே உதவாது. எத்தனை பேர், எங்கே உட்காருவார்கள் என்பது மட்டுமே கேள்வி.

நம் 30 அடிப் படகில் ஓட்டுபவர்களையும் சேர்த்து 18 பேர் என்று வைப்போம். ஆளுக்கு 70 கிலோ என்றால் 1,260 கிலோ. படகு 14 சென்டிமீட்டர் இறங்கும், விளிம்பு 46 சென்டிமீட்டர் மேலே நிற்கும். பார்ப்பதற்குப் பயமே வராது. இப்போது ஏதோ ஒரு மாடியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று எட்டுப் பேர் அரை மீட்டர் ஒரு பக்கமாக நகர்கிறார்கள். எல்லோரும் படகின் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்தால், தோராயக் கணக்கில் படகு 15 டிகிரி சாயும். அந்தப் பக்க விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான உயரத்துக்கு வந்துவிடும். நெஞ்சு பதறும், ஆனால் தப்பிக்கலாம். எல்லோரும் நின்றுகொண்டிருந்தால் எடையின் மையம் சுமார் 30 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும். அப்போது அதே எட்டுப் பேரின் அதே அரை மீட்டர் போதும், விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். எடை மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. நின்றார்களா உட்கார்ந்தார்களா என்பது மட்டுமே மாறியது.

2023 மே 7-ம் தேதி மாலை கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாற்றிக் கட்டப்பட்டது. மேல்தளம் வைத்து அதிலும் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேர். 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலாப் போன கூட்டம் கவிழ்ந்ததிலும் 22 உயிர்கள் போயின. மீனுக்கும் வலைக்கும் கட்டிய படகில் மனிதர்களை ஏற்றும்போது எடையின் அளவு மட்டுமல்ல, அதன் குணமும் மாறிவிடுகிறது. வலை படகின் அடியில் கிடக்கும், எழுந்து நிற்காது. மனிதர் எழுந்து நின்று பார்ப்பார், போட்டோ எடுப்பார், பயந்தால் ஒரே பக்கம் ஓடுவார்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். ஒரு கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று விடுவது தவறு. இறைத்து வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கரையில் காகிதமும் பேனாவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சிறு மீன்பிடிப் படகுகளின் சமநிலை பற்றி உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளது. சுமை ஏற்றிய படகை அலையில்லாத தண்ணீரில் நிறுத்தி, விளிம்பை அழுத்தி ஆட்டிவிட வேண்டும். இடமிருந்து வலம் போய் மறுபடி இடம் வர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். படகின் அகலம் எத்தனை மீட்டரோ, அத்தனை வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. 1.8 மீட்டர் அகலப் படகு 1.8 வினாடிக்குள் திரும்பினால் சுமை சரி. மெதுவாக, சோம்பலாக ஆடித் திரும்பினால் சுமை அதிகம், அல்லது சுமை உயரத்தில் இருக்கிறது. மெதுவாக ஆடும் படகு உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாகத் தெரியும். ஆபத்து அதில்தான். முட்டுக்காடு உப்பங்கழி போன்ற அமைதியான நீரில் இதை ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். நேரத்தைச் சரியாக எடுக்கப் பத்து ஆட்டத்தை எண்ணிப் பத்தால் வகுப்பது நல்லது.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படகின் சாயாத்தன்மை அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. அகலத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் உறுதி கூடும். நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பத்து சதவீதம்தான். நீளமான படகு வாங்கிவிட்டோம், நிறைய ஏற்றலாம் என்ற எண்ணம் பாதி உண்மை.

எச்.பி.க்கு வருவோம். ஒரு எச்.பி. என்பது 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கும் சக்தி. படகுக்கு எத்தனை வேண்டும் என்பதை அதன் நீளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தண்ணீரைப் பிளந்து ஓடும் படகு தானே ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்தை எட்டிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தன் அலை மீதே ஏற வேண்டும். அந்த எல்லை வேகத்தை அறிய, நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் போதும், விடை ‘நாட்’ அலகில் கிடைக்கும். 8 மீட்டருக்கு 6.9 நாட், மணிக்குச் சுமார் 12.7 கிலோமீட்டர்.

நம் ஒன்றரை டன் படகை 6 நாட் வேகத்தில் அமைதியான கடலில் ஓட்ட, விசிறியின் இழப்பையெல்லாம் சேர்த்தாலும், தோராயமாக 3 எச்.பி. போதும். நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் இயற்பியல் அப்படித்தான். எதிர்காற்று, அலை, அடிப்பாகத்தில் ஒட்டிய பாசி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 6. எல்லை வேகத்தைத் தொட வேண்டும், அலை உடையும் இடத்தைச் சட்டென்று தாண்டக் கையிருப்பும் வேண்டும் என்றால் 8 முதல் 10. இந்தக் கரையில் 9, 10 எச்.பி. எஞ்சின் இவ்வளவு பரவியது தற்செயல் அல்ல. மீனவர் சூத்திரம் போடவில்லை, ஓட்டிப் பார்த்தே அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கணக்கும் அனுபவமும் இங்கே ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

அதற்கு மேல் போவதுதான் கேள்விக்குரியது. எல்லை வேகத்துக்குக் கீழேயே, வேகத்தை 20 சதவீதம் கூட்டக் குறைந்தது 70 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. எல்லையை நெருங்கும்போது இன்னும் மோசம். இதே படகில் 40 எச்.பி. அவுட்போர்டை மாட்டினால் எல்லையை மீறித் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், உண்மைதான். 15 நாட் கிடைத்தால், கரையிலிருந்து 10 கிலோமீட்டர் போக 22 நிமிடம். டீசல் எஞ்சினில் ஆறரை நாட் வேகத்தில் போனால் 50 நிமிடம். மிச்சம் 28 நிமிடம். அதற்கு விலை என்ன? டீசல் எஞ்சின் ஒரு எச்.பி.க்கு மணிக்குக் கால் லிட்டர் குடிக்கும், பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு அரை லிட்டர். முன்னதில் 2 லிட்டருக்குள் டீசல், பின்னதில் 7 லிட்டருக்கு மேல். இது போகும் செலவு மட்டும். திரும்பி வரும்போது மீன் எடை கூடியிருந்தால் அந்த வேகமும் கிடைக்காது.

ஏலத்துக்கு முதலில் வந்தவருக்கு நல்ல விலை என்பதையும், திடீர்க் காற்றில் கரை சேர வேகம் உயிர் காக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் கூட்டினால் பக்கத்துப் படகுக்காரரும் கூட்டுவார், பிறகு யாருக்கும் அந்த முன்னிலை மிஞ்சாது. கேரளக் கரையின் பெரிய வலை வள்ளங்களில் 40 எச்.பி. எஞ்சின் மூன்று வரை மாட்டும் நிலை வந்தது இப்படித்தான். தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு 240 எச்.பி. என்று உச்சவரம்பு வைத்ததும் இந்தப் போட்டியைக் கட்டுப்படுத்தவே. சிறு படகுக்கு அந்த எண் எந்த வகையிலும் பொருந்தாது.

இன்னொரு சிக்கல், எஞ்சினின் எடை. பத்து எச்.பி. அவுட்போர்டு சுமார் 40 கிலோ, நாற்பது எச்.பி. என்றால் 70 கிலோவுக்கு மேல். அது முழுவதும் படகின் பின்முனையில், அதுவும் விளிம்புக்கு மேலே தொங்குகிறது. கூம்பிய பின்பக்கத்துக்கு அந்த எடையைத் தாங்கும் மிதப்பு இல்லை. பின்பக்கம் அமிழ்ந்து அணியம் தூக்கிக்கொள்ளும். கரையேறும்போது பின்னாலிருந்து வரும் அலை நேராக உள்ளே வந்து விழும்.

டீசலில் ஓடும் லாங் டெயிலுக்கும் குறை உண்டு. நீண்ட இரும்புத் தண்டு எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், முனையில் சின்ன விசிறிதான் பொருத்த முடியும். சின்ன விசிறி வேகமாகச் சுற்றித் தண்ணீரைக் கலக்கும் அளவுக்குப் படகைத் தள்ளாது. கியர் வைத்து மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி, அதே எச்.பி.யில் அதிகம் தள்ளும். ஆனாலும் இந்தக் கரையில் லாங் டெயில் நிலைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. மணல் தட்டுவதற்குச் சற்று முன், ஓட்டுபவர் பிடியை ஒரு அழுத்து அழுத்தினால் தண்டு முழுவதும் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். விசிறி உடையாது, தண்டு வளையாது. அந்த ஒரு வசதிக்காகக் கொஞ்சம் டீசலை இழப்பது சரியான பேரம்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 1972 முதல் ஒரு தகடு கட்டாயம். எத்தனை பேர், எத்தனை எடை, அவுட்போர்டு என்றால் அதிகபட்சம் எத்தனை எச்.பி. என்று படகிலேயே ஒட்டியிருக்க வேண்டும். எச்.பி.க்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, படகின் நீளத்தைப் பின்பலகையின் அகலத்தால் பெருக்குவதில் தொடங்குகிறது. 14 அடி நீளமும் 4 அடிப் பின்பலகையும் இருந்தால் 56. கையால் திருப்பும் எஞ்சின், தட்டையான அடிப்பாகம் என்றால் அதில் பாதி எடுத்து 15 கழித்து 13, அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தி 15 எச்.பி. ஏரியிலோ உப்பங்கழியிலோ ஓட்டும் சின்னப் படகுக்கு நம் ஊரிலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் 30 அடிக் கடல் படகுக்கு எடுக்கக் கூடாது. அதன் பின்பக்கம் கூம்பியது, நீளமோ அந்த விதியின் எல்லைக்கு வெளியே. ஆனால் தகடு என்ற யோசனையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

தகட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டியது நுரை. பைபர் தண்ணீரைவிடக் கனமானது. 700 கிலோ பைபர் படகு நிரம்பிவிட்டால், அதையும் எஞ்சினையும் மூழ்காமல் வைக்க மட்டும் 270 லிட்டருக்கு மேல் நுரை உள்ளே அடைத்திருக்க வேண்டும். நாலு பேர் பற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம். கட்டுமரம் எதுவும் செய்யாமலே தந்த பாதுகாப்பை, பைபரில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விலை குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த நுரைதான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. படகு வாங்குபவர் தட்டிப் பார்க்கட்டும், கட்டும்போதே போய் நின்று பார்க்கட்டும்.

தகட்டுக்கான கணக்கைச் செய்து கொடுக்க ஆள் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கரணையில், 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. உத்தண்டியில், நைனார்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிண்டி பக்கம் போனால் ஐஐடியில் கடல் பொறியியல் துறை. ஒவ்வொரு படகையும் சோதிக்க வேண்டாம், அச்சுக்கு ஒரு படகு போதும். அந்த அச்சில் வார்த்த ஒன்றை எடை போட்டு, மணல் மூட்டை ஏற்றி, ஆட்டிப் பார்த்து மூன்று எண்களைச் சொல்லிவிட்டால், அதே அச்சில் வார்க்கும் எல்லாப் படகுக்கும் அது பொருந்தும். மீன்வளத் துறை பதிவு எண் கொடுக்கும்போதே அந்த மூன்று எண்களையும் கேட்கலாம்: அதிகபட்சம் எத்தனை கிலோ, எத்தனை ஆள், எத்தனை எச்.பி. அணியத்தில் பதிவு எண்ணுக்குக் கீழே, அதே பெயின்டில், தமிழில் எழுதிவிடுங்கள். எழுத ஆகும் செலவு ஒரு லிட்டர் டீசலுக்கும் குறைவு.